மணிக்கொரு ரயில்: ஓசூர்–தர்மபுரி ஒற்றைப் பாதையில் கணக்கு எங்கே இடிக்கிறது?

ஜூன் 3, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

ஓசூரில் வேலை, தர்மபுரியில் வீடு. சுவிட்சர்லாந்தில் மணிக்கொரு ரயில் ஒரே நிமிடத்தில் வருகிறது, 7.10 என்றால் 8.10, 9.10 என்று. இங்கேயும் தண்டவாளம் இருக்கிறது, மின்சாரமும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் கணக்கைப் போட்டு மணிக்கொரு ரயில் விட என்ன தடை? மனசுதான் இல்லை என்கிறேன் நான்.

ஜூன் 3, இரவு 9.50

மனசு மட்டும் போதாது, ஆனால் உங்கள் கேள்வி சரியான கேள்வி. நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். இந்தக் கணக்கை முதலில் காட்டியது கல்லூரி அல்ல, அப்பா. தர்மபுரி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 60 கோடு கிழித்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புளியங்கொட்டை வைப்பார். பாலக்கோடு வண்டி 10இல், பென்னாகரம் வண்டி 15இல். ஒரே பிளாட்பாரத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளின் கொட்டைகளுக்கு நடுவே ஐந்து கோடாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்வண்டி கிளம்பும் முன்பே பின்வண்டி வந்து ஆரன் அடிக்கும். ஒரு கொட்டையை நகர்த்தினால் அடுத்ததை நகர்த்த வேண்டும், அது இன்னொன்றைத் தள்ளும். சில சமயம் சுற்றி வந்து முதலில் நகர்த்தின கொட்டையையே திரும்பத் தள்ளும். அப்போது தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுப்பார்.

அந்த வட்டத்தில் மணி கிடையாது, நிமிடம் மட்டும்தான். காலை 7 ஆனாலும் மாலை 5 ஆனாலும் கொட்டை அதே இடத்தில். மறுபடி மறுபடி வரும் கால அட்டவணையின் கணிதம் முழுக்க இந்த வட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

ஜூன் 4, காலை 6.15

வட்டத்தை எழுத்தில் சொல்கிறேன். 1989இல் பாவ்லோ செராஃபினி, வால்டர் உகோவிச் என்ற இரண்டு இத்தாலியர்கள் இதற்கு ஒரு மாதிரி கொடுத்தார்கள். இன்றுவரை இந்தத் துறையில் எல்லோரும் தொடங்குவது அங்கேதான்.

ஒவ்வொரு வருகையும் ஒவ்வொரு புறப்பாடும் ஒரு நிகழ்வு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் 0 முதல் 59 வரை ஒரு எண் தர வேண்டும். இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே நிபந்தனை: "பின்னது கழித்தல் முன்னது, 60ஆல் வகுத்த மீதி, இந்த எண்ணுக்குக் குறையக் கூடாது, அந்த எண்ணை மீறக் கூடாது." அவ்வளவுதான். ஓட்ட நேரம், நிலையத்தில் நிற்கும் நேரம், இறங்கி மாறி ஏறும் நேரம், முன்ரயிலுக்கும் பின்ரயிலுக்கும் இடைவெளி, எல்லாமே இந்த ஒரே அச்சில் வார்க்கலாம்.

மாறி ஏற 7 முதல் 15 நிமிடம் என்று நிபந்தனை வைத்துக்கொள்வோம். முதல் ரயில் 55இல் வந்து, அடுத்தது 5இல் கிளம்பினால்? 5 கழித்தல் 55, மைனஸ் 50. ஒரு சுற்று, அதாவது 60 கூட்டினால் 10. நிபந்தனைக்குள் வந்துவிட்டது. அந்த "எத்தனை சுற்று கூட்டுவது" என்ற முழு எண்தான் இந்தக் கணக்கின் தலைவலி முழுவதும். அது இல்லாவிட்டால் பிளஸ் டூ பிள்ளைகள் போட்டுவிடுவார்கள்.

ஜூன் 4, மதியம்

இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறார்: ரயில் எண்ணிக்கை அதிகமானால்தானே கஷ்டம், நம் பாதையில் சில ரயில்கள்தானே? ஆமாம், ரயில் கூடக் கூடக் கணக்கு கடினம்தான். நம் பாதையில் இது எளிதாகவே முடிய வேண்டும்.

(இதை 9ஆம் தேதி திருத்தியிருக்கிறேன். கீழே பாருங்கள்.)

ஜூன் 7, சனி, ரயிலிலிருந்து

ராயக்கோட்டையில் நிற்கிறோம். எதிர்வண்டி வர வேண்டும், கிராசிங். நாங்கள் லூப் லைனில், அதாவது எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில். ஜன்னலுக்கு வெளியே தக்காளிக் கூடைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், வெயிலில் மேல்வரிசை சூடேறி வாசனை வருகிறது. பக்கத்து சீட்டு அம்மா "எதுக்குப்பா இவ்ளோ நேரம்" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். பதில் சொல்வதற்குப் பதிலாகக் கணக்கே போட்டுவிட்டேன், இதோ.

கிராசிங் போடக்கூடிய இரண்டு நிலையங்கள், அ, ஆ. நடுவே ஒற்றைத் தண்டவாளம், ஓட்ட நேரம் 24 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இந்த எண் கணக்குக்காக மட்டும்.) ஒரு ரயில் உள்ளே வந்து நின்று, பாயின்ட் மாறி, எதிர்ரயிலுக்கு சிக்னல் விழ 3 நிமிடம். மணிக்கு ஒரு ரயில் போக வேண்டும், ஒன்று வர வேண்டும்.

அ–வில் 0இல் கிளம்பிய ரயில் ஆ–வுக்கு 24இல் வரும். எதிர்ரயில் 27க்கு முன்னால் ஆ–வை விட்டுக் கிளம்ப முடியாது. அது அ–வுக்கு வந்து சேர்ந்து 3 நிமிடம் ஆன பிறகுதான் அடுத்த மணி ரயில் கிளம்பலாம். ஆகவே 33க்குப் பின்னாலும் கிளம்ப முடியாது. 27க்கும் 33க்கும் நடுவே, வெறும் 6 நிமிட ஜன்னல், அதாவது எதிர்ரயில் கிளம்பக்கூடிய இடைவெளி.

ஓட்ட நேரம் 27 ஆனால் ஜன்னல் பூச்சியம். போக 27, வர 27, இரண்டு மூன்று நிமிடங்கள், மொத்தம் சரியாக 60. 28 ஆனால் மணிக்கொரு ரயில் கிடையவே கிடையாது. எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் கிடையாது. மனசு இருந்தாலும் கிடையாது.

எதிர்வண்டி வந்துவிட்டது. சரக்கு ரயில். அதையும் இந்த ஜன்னலில்தான் நுழைக்க வேண்டும் என்பதை மறந்தே போனேன்.

ஜூன் 7, இரவு

வீட்டில் உட்கார்ந்து அதைத் தொடர்கிறேன். 24 நிமிடப் பகுதியில் ஒரு மணியில் 54 நிமிடம் பயணிகள் ரயில்களுக்கே போய்விட்டது. மிச்சம் 6. அதில் சரக்கு ரயில் போகாது. ஆகவே இந்த ஒற்றைப் பாதையில் காலவட்டத்தை 60லிருந்து 120 ஆக்குவதுதான் நியாயம் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு மணிக்கு ஒரு ரயில் என்றால் அதே ஜன்னல் 27 முதல் 93 வரை, 66 நிமிடம். மூச்சு விட இடம் கிடைக்கிறது. மணிக்கொரு ரயில் கேட்டவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் 6.10, 8.10, 10.10 என்று விடிந்ததிலிருந்து இரவு வரை நம்பி இருக்கக்கூடிய ரயில், நாளுக்கு நாலு ரயில் நாலு தினுசு நேரத்தில் வருவதைவிட எவ்வளவோ மேல். ஷிஃப்டுக்குப் போகிறவர் மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு எண்.

ஜூன் 8, காலை

கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் கேட்கிறார்: உங்களுக்காவது கிராசிங்கில் நிற்க ரயில் இருக்கிறது, எங்களுக்கு? நியாயம். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் குறும்பாதைகள் (நேரோகேஜ் ரயில்) இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிவிட்டார்கள். ஓசூருக்கும் தர்மபுரிக்கும் அகலப் பாதை பிறகு வந்தது, கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை வரவில்லை. மாங்காய் சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாதை ஞாபகம் வரும். தண்டவாளம் இல்லாத ஊருக்கு என் கணக்கில் இப்போதைக்கு ஒரு வழிதான் தெரிகிறது. ரயிலோடு கோர்த்து ஓடும் பேருந்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜூன் 8, இரவு 11

சுவிட்சர்லாந்தைச் சொன்னீர்களே, அதில் பலர் கவனிக்காத ஒரு இடம் இருக்கிறது.

அங்கே 1982 மே 23 முதல் நாடு முழுக்க மணிக்கொரு ரயில். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி, கண்ணாடியில் பார்ப்பது போல அட்டவணை. ஒரு நிலையத்துக்குப் போகும் ரயில் 52இல் வந்தால் எதிர்த்திசை ரயில் 8இல் கிளம்பும். இரண்டையும் கூட்டினால் 60. இப்படி வைத்தால் எதிரெதிர் ரயில்கள் எங்கே சந்திக்கும்? ஒரு ரயில் ஓர் இடத்தைக் கடக்கும் நிமிடமும் எதிர்ரயில் அதே இடத்தைக் கடக்கும் நிமிடமும் சேர்ந்து 60 ஆக வேண்டும், சந்திப்பில் இரண்டும் ஒன்று. ஆகவே அந்த நிமிடம் 0 அல்லது 30. வேறு எதுவுமே கிடையாது. மணி அடிக்கும்போதும் அரை மணியிலும் பாதை நெடுக எல்லா ரயில்களும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டிருக்கும். இதை முதல் தடவை நிரூபித்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதன் அர்த்தம்: பயணத்தில் அரை மணிக்கு ஒரு தரம் எதிர்ரயில் வரும். அந்த இடத்தில் லூப் லைன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முன்நிலையத்திலேயே நின்று காத்திருக்க வேண்டும், இல்லை, அங்கே ஒரு லூப் கட்ட வேண்டும்.

அவர்கள் கட்டினார்கள். சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இரண்டு ஊரிலும் மணியை ஒட்டி எல்லா ரயில்களும் கூடிப் பிரிய வேண்டுமானால் பயணம் ஒரு மணிக்குள் முடிந்தாக வேண்டும். அதற்காக மட்ஷ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் என்ற 45 கிலோமீட்டர் புதுப்பாதை போட்டு 2004 டிசம்பரில் திறந்தார்கள். பயணம் 56 நிமிடம். 50 ஆக்கக் காசு செலவழிக்கவில்லை, 50 ஆனாலும் அந்த ஆறு நிமிடம் நிலையத்தில் நின்றுதான் தீர வேண்டும். முதலில் அட்டவணை, அப்புறம் அதற்கேற்ற தண்டவாளம்.

நம் ஊரில் ஒவ்வொரு கூட்டத்திலும் "இரட்டைப் பாதை வேண்டும்" என்று மனு கொடுக்கிறோம். வேண்டும்தான். ஆனால் அட்டவணையை முதலில் வரைந்தால், மாரண்டஹள்ளி பக்கமா பாலக்கோடு பக்கமா, எந்த இடத்தில் நாலு கிலோமீட்டர் இரட்டித்தால் முழுப் பாதையும் திறந்துகொள்ளும் என்று கணக்கே விரலால் தொட்டுக் காட்டும். மனுவில் அந்த இடத்தைச் சேர்த்து எழுதலாம்.

ஜூன் 9, மதியம். திருத்தம்

4ஆம் தேதி ரயில் எண்ணிக்கைதான் கஷ்டத்துக்குக் காரணம் என்று எழுதியது தவறு. யோசித்துப் பார்த்தால் எண்ணிக்கை அல்ல, வளையங்கள்தான் காரணம்.

நிகழ்வுகளைப் புள்ளியாகவும் நிபந்தனைகளைக் கோடாகவும் வரைந்தால் ஒரு வலை வரும். அந்த வலை மரம் மாதிரி, கிளை பிரிந்து பிரிந்து போய் எங்கும் மூடாமல் இருந்தால், ஆயிரம் ரயில் இருந்தாலும் வேரிலிருந்து ஒவ்வொன்றாக எண் போட்டுக்கொண்டே போகலாம், இடிக்காது. ஒரு வளையம் வந்தவுடன் சங்கதி மாறுகிறது. வளையத்தைச் சுற்றி வந்து எல்லா நேரங்களையும் கூட்டினால் 60இன் மடங்காக வந்தே தீர வேண்டும். 60, 120, 180. நடுவில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தனி வளையத்துக்கும் ஒரு முழு எண், அந்த எண்களைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. அப்பாவின் புளியங்கொட்டை சுற்றி வந்து தன்னையே தள்ளியது இதுதான்.

ஜூன் 9, இரவு. திருத்தத்துக்குத் திருத்தம்

"அப்படியானால் நம் பாதை ஒரே கோடு, அதில் வளையமே இல்லையே, எளிதுதானே" என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஊர்வரைபடத்தில் வளையம் இல்லை. நிகழ்வு வலையில் உண்டு. அ–வில் கிளம்பி, ஆ–வுக்கு வந்து, எதிர்ரயில் கிளம்பி, அ–வுக்குத் திரும்பி, அடுத்த ரயில் கிளம்புகிறதே, அதுவே ஒரு வளையம். 24, 3, 24, 3, மிச்சம் 6, கூட்டினால் 60. ஒற்றைப் பாதையில் ஒவ்வொரு பகுதியும் ஒரு வளையம். இரட்டைப் பாதை போடுவது என்பது கணிதத்தில் இந்த வளையத்தை வெட்டிவிடுவதுதான்.

ஜூன் 11

கம்ப்யூட்டரில் போட்டால் ஆகாதா என்ற கேள்வி பற்றி. செராஃபினியும் உகோவிச்சும் அதே 1989 கட்டுரையில் இது என்.பி. முழுமை வகைக் கணக்கு, அதாவது வேகமான பொதுவழி யாருக்கும் தெரியாத வகை, என்று நிரூபித்தார்கள். ஏன் என்று புரிய ஒரு வழி: எல்லா நிபந்தனையையும் "இந்த இரண்டு நிகழ்வும் ஒரே நிமிடத்தில் வரக் கூடாது" என்று மட்டும் வையுங்கள். அது புள்ளிகளுக்கு நிறம் தீட்டும் கணக்கு, கோடு இணைத்த புள்ளிகள் ஒரே நிறமாகக் கூடாது. மூன்று நிறம் போதுமா என்ற கேள்விக்கே எல்லா வலைகளுக்கும் வேகமாகப் பதில் சொல்லும் முறை யாருக்கும் கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பது 60 நிறம், அதோடு இன்னும் சிக்கலான நிபந்தனைகள்.

ஆனால் கடினம் என்பது முடியாது என்பதல்ல. பெர்லின் சுரங்க ரயிலின் 2005ஆம் ஆண்டு அட்டவணை இப்படிக் கணித முறையில் உகந்ததாக்கி நடைமுறைக்கு வந்தது. நெதர்லாந்து ரயில்வே நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரயில்களுக்கு 2006 டிசம்பரில் புது அட்டவணை கொண்டுவந்தது, அந்த வேலைக்கு 2008இல் ஃபிரான்ஸ் எடெல்மன் பரிசு கிடைத்தது. அவர்களுடைய மென்பொருளின் உள்ளே இருந்த தேடும் பகுதியை ஆம்ஸ்டர்டாமின் கணிதர் ஷ்ரைவரும் ஸ்டேன்பேக்கும் எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்தது: விடை இல்லையென்றால் "இல்லை" என்று சும்மா விட்டுவிடாது, எந்தெந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று எடுத்துக் கொடுக்கும். அதன் பிறகு மனிதர்கள் உட்கார்ந்து எதை விட்டுக்கொடுப்பது என்று பேசலாம்.

ஜூன் 12

சிறு குறிப்பு. இன்று நம் பாதையில் ஓடும் நெடுந்தூர ரயில்களில் சில தினசரி, சில வாரம் ஒரு நாள். ஆகவே உண்மையான காலவட்டம் 60ம் இல்லை, ஒரு நாளின் 1,440 நிமிடமும் இல்லை. ஒரு வாரம், 10,080 நிமிடம். வாராந்திர ரயிலுக்காக ஒதுக்கிய ஜன்னல் மற்ற ஆறு நாளும் காலியாகக் கிடக்கும், அல்லது அந்த ஒரு நாள் மட்டும் நம் பாசஞ்சர் கூடுதலாக நிற்கும். "வியாழக்கிழமை மட்டும் ஏன் லேட்" என்று ஒருவர் கேட்டாரே, அவருக்கு.

ஜூன் 14, சனி

பேருந்துக்கு வருகிறேன். மொரப்பூர் சென்னை–சேலம் பிரதான பாதையில் இருக்கிறது, தர்மபுரியிலிருந்து பேருந்தில் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். போன மாதம் இரவு அங்கே இறங்கினேன். மேம்பாலம் ஏறி, அம்மாவின் பையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், பேருந்தின் பின்விளக்கு திருப்பத்தில் தெரிகிறது. இரண்டு நிமிடம். அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம், டீக்கடையும் சாத்திவிட்டார்கள். அம்மா பிளாட்பார பெஞ்சிலேயே தூங்கிவிட்டார். ரயில் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தது, பேருந்தும் சொன்ன நேரத்துக்குத்தான் கிளம்பியது. இரண்டு அட்டவணையையும் ஒரே தாளில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

நான் வைத்துப் பார்க்கிறேன். மொரப்பூரில் மணிக்கொரு ரயில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஒரு வழிக்கு 50 நிமிடம். ரயிலுக்கு 5 நிமிடம் முன்னால் பேருந்து வர வேண்டும், ரயில் 2 நிமிடம் நிற்கும், இறங்கியவர்கள் வர 5 நிமிடம். மொரப்பூரில் 12. போக வர 100. மொத்தம் 112. அடுத்த 60இன் மடங்கு 120. தர்மபுரியில் 8 நிமிடம் நின்று திரும்பலாம். சுற்று 120 என்றால் மணிக்கொரு சேவைக்கு இரண்டு பேருந்து. இரண்டே இரண்டு வண்டி, ஒவ்வொரு ரயிலுக்கும் இணைப்பு!

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களை மட்டும் இரண்டு தரம் பார்த்தார். "தர்மபுரியில எட்டு நிமிஷமா? ஸ்டாண்டுக்குள்ள நுழையவே மூணு நிமிஷம் ஆகும் கண்ணு. எல்லாம் இறங்கணும், கண்டக்டர் வந்து டைம் போடணும், டிரைவர் டீ குடிக்க வேண்டாமா? பதினஞ்சுக்குக் குறைஞ்சா நான் கையெழுத்தே போட மாட்டேன்."

100, 12, 15. 127. 120ஐத் தாண்டிவிட்டது. அடுத்த மடங்கு 180, மூன்று பேருந்து. ஏழு நிமிடம் கூடினதற்கு ஒரு முழு வண்டி, ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். வளையம் என்றால் என்ன என்று இத்தனை நாளாக எழுதியதை இந்த ஒரு வரி இன்னும் நன்றாகச் சொல்கிறது.

ஜூன் 15, மாலை

மூன்றாவது வண்டி வந்தால் 53 நிமிடம் மிச்சம். சும்மா நிற்க வைக்க அப்பாவுக்கு மனசில்லை. "அரூர் வரைக்கும் விடு" என்றார். நானும் ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். மொரப்பூர்–அரூர் 30 என்று வைத்தால், போக வர 60, மொரப்பூரில் இரண்டு தரமும் 2, 2, அரூரில் 10. ஆக 74. இதில் ஒரு அழகு: 74ஐ 60ஆல் வகுத்த மீதி 14. இணைப்புக்கு வேண்டிய 12ஐவிடக் கூடுதல். அரூர் போகிற வண்டி இறக்கிவிட்டவர்கள் ரயில் ஏறுவார்கள், ரயிலிலிருந்து இறங்கியவர்களை அரூரிலிருந்து திரும்புகிற வேறொரு வண்டி ஏற்றிக்கொள்ளும். ஆனால் மொத்தம் 100, 74, 15. 189. நான்காவது வண்டி கேட்கிறது.

ஜூன் 16, காலை 5.40

அப்பா விடியற்காலையிலேயே எழுந்து காலண்டர் தாளில் கொட்டை வைத்துக்கொண்டிருக்கிறார். 53ஐ மொரப்பூர் பக்கம் செலவழிக்கக் கூடாது, அந்தப் பக்கம் ரயிலோடு கட்டிப் போட்டிருக்கிறது, தர்மபுரிக்கு இந்தப் பக்கம் கட்டு இல்லை என்கிறார். அதியமான்கோட்டை வரை இழுக்கச் சொல்கிறார். ஒரு வழிக்கு 20, போக வர 40. தர்மபுரி ஸ்டாண்டில் போகும்போதும் வரும்போதும் 3, 3. பதினைந்து நிமிட ஓய்வு அதியமான்கோட்டைக்கு மாறுகிறது. 100, 12, 6, 40, 15. கூட்டினால் 173.

மிச்சம் 7. அதை எங்கேயும் பிரித்துப் போடாமல் மொரப்பூரிலேயே வைக்கச் சொன்னார், ரயில் லேட்டாக வந்தால் வண்டி நிற்பதற்கு.